காற்றைக் குறைக்கச் சொன்னேன்

காற்றைக் கூட்டினால் மூச்சு முட்டும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் அண்ணன் நம்பவில்லை. தொட்டிக்குள் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிக்கொண்டிருக்கும்போது, காற்று வால்வின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் போய் "அண்ணே, காத்தக் குறை" என்றால் அவன் என்ன செய்வான்? பைத்தியத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். பார்க்கட்டும். சின்ன வயதிலிருந்தே என்னை அப்படித்தான் பார்க்கிறான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு தொட்டி நிற்கிறது. பயோரியாக்டர் என்று பெயர்ப்பலகையில் போட்டிருக்கும். உள்ளே கோடிக்கணக்கான பாக்டீரியா சர்க்கரையைத் தின்று, ஆக்சிஜனை இழுத்து, ஒரு மருந்தைச் செய்துகொண்டிருக்கும். அடியில் இருக்கும் வளையத்திலிருந்து காற்று குமிழ் குமிழாக வரும். நடுவில் ஒரு தண்டு சுழலும். அதில் தகடு பொருத்திய கலக்கிகள், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று. அவை குமிழை அடித்துப் பொடிப்பொடியாக்கி மூலை முடுக்கெல்லாம் அனுப்பினால்தான் பாக்டீரியாவுக்கு மூச்சு. பெரிய குமிழ் விறுவிறுவென்று மேலே போய் உடைந்துவிடும், அதனால் யாருக்கும் லாபமில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காற்று வரும்போது தகட்டின் முதுகுப் பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தகடு கலவையைத் தள்ளுவதை விட்டுவிட்டுக் காற்றுக்குள்ளேயே வெட்டியாகச் சுற்றும். மோட்டாருக்குப் பாரம் குறையும், கலக்குவதும் குறையும். காற்று அளவுக்கு மீறினால் கலக்கி முழுக்கக் காற்றுக்குள் மூழ்கிவிடும். அப்புறம் அது சுற்றினாலும் ஒன்றுதான், சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பாரம் போகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை. நான் பயன்படுத்தும் சூத்திரம் சின்னத் தொட்டியில் தண்ணீரை வைத்துப் போட்டது. எங்கள் தொட்டியில் இருப்பது தண்ணீரா? சுவரொட்டி ஒட்டும் பசை பதத்தில் இருக்கிறது. அதனால் கூடக் குறைய முப்பது சதவீதம் பிழை வரும் என்று எல்லாக் கூட்டத்திலும் நானே எழுந்து சொல்லிவிடுவேன்.

அண்ணனுக்கு அது போதும். "எங்க வீட்டுக் கணக்குப் புலிகிட்ட கல்யாணத்துக்கு எத்தன பேர் வருவாங்கன்னு கேட்டேன். நூறு பேர் வருவாங்க, எழுபதாவும் இருக்கலாம், நூத்தி முப்பதாவும் இருக்கலாம்னா. எல போடறவன் என்ன பண்ணுவான்?" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொல்வான். என்னைக் கூப்பிடுவதே "கணக்கு" என்றுதான்.

அவனுக்கு ஒரே மகள். நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். தூங்கும் நேரம் தவிர வாய் மூடாது. பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஏன் கோபம் என்பதில் ஆரம்பித்து, பள்ளிக்கூட வேன் டிரைவரின் மச்சினிக்குப் பெண் பார்த்த கதை வரை ஒரே மூச்சில் ஒலிபரப்பாகும். அந்த ரேடியோவுக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறாள். பேச்சு நின்று வாரக்கணக்காகிறது. ஊசி குத்தும்போது மட்டும் இன்னொரு கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். தன்னை அறியாமல் நர்ஸ் கையைத் தட்டிவிடுவோமோ என்று பயமாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்தது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் வெளியே போய் அழுதேன்.

அவளுக்குச் சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று எங்கள் தொட்டியில் செய்வது. மற்ற இடங்களில் செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எங்கள் சின்னத் தொட்டிகளில் வருவது எந்த மூலைக்கும் போதவில்லை என்றுதான் இந்தப் பெரிய தொட்டியே வந்தது. அதில் முதல் தடவை வேறு கிருமி புகுந்து, மொத்தத்தையும் கொதிக்க வைத்துச் சாக்கடையில் விட்டோம். இது இரண்டாவது. "இந்தச் சுத்துக்கு மருந்து இருக்கு, அடுத்த சுத்துக்கு உங்க கம்பெனியத்தான் நம்பியிருக்கோம்" என்று டாக்டர் அண்ணனிடமே சொல்லியிருக்கிறார். அது இல்லாமல் மற்றதை மட்டும் கொடுத்தால்? டாக்டர் தரையைப் பார்த்தாராம். இதுவும் போய், மூன்றாவது ஒன்றை வளர்த்து, பிரித்து, சுத்தம் செய்து, சோதித்து அனுப்புவதற்குள் ரேடியோவின் சுற்று கடந்துவிடும்.

லீவு போடச் சொல்லி மேனேஜரே சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. "அங்க உக்காந்து சொட்டுச் சொட்டா எறங்கறதப் பாத்துக்கிட்டு என்ன பண்றது? இங்கயாவது கைக்கு வேல இருக்கு" என்று வந்துவிட்டான். தொட்டியை ஓட்டுவது அவன்தான். அவனைவிட நன்றாக ஓட்ட எங்கள் இடத்தில் ஆள் கிடையாது. இதை அவன் முகத்துக்கு நேராக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று காலை நான் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது ஆக்சிஜன் முப்பதில் இருக்க வேண்டியது பதினொன்றில் இருந்தது. பாக்டீரியா நன்றாக வளர்ந்திருந்தது, பசியும் மூச்சும் அதிகமாகியிருந்தன. அண்ணன் சர்க்கரையைக் குறைத்துப் பார்த்திருந்தான். அதற்கு மேல் குறைத்தால் மருந்து செய்வதையே அவை நிறுத்திவிடும். தொட்டியின் அழுத்தத்தையும் அது தாங்கும் மட்டும் ஏற்றிவிட்டான். இனிமேல் அவன் கையில் மிஞ்சியிருந்தது காற்று. ஆக்சிஜன் ஒரு புள்ளி இறங்கினால் காற்றை ஒரு படி கூட்டுவான். கொஞ்சம் நிற்கும், மறுபடி இறங்கும். மறுபடி கூட்டுவான்.

மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவரை எல்லாரும் மோட்டார்காரர் என்போம். அவர் முகத்தில் மட்டும் அன்று திருப்தி.

"மோட்டாரத் தொட்டுப் பாரும்மா. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. லோடு முப்பத்தெட்டு சதவீதம்தான்" என்றார்.

என் கணக்குப்படி அறுபது இருக்க வேண்டும். பிழை முப்பது சதவீதம் என்று வைத்தாலும் நாற்பத்திரண்டுக்குக் கீழே போகக் கூடாது. ஓடிப் போய் மேல்தளத்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். நடுவில் தண்டைச் சுற்றிக் காற்று கொப்பளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நுரை அசையாமல் கிடந்தது. கலக்கி காற்றில் மூழ்கிவிட்டது. நாங்கள் அனுப்பும் காற்றெல்லாம் நேராக மேலே வந்து வெளியேறிக்கொண்டிருந்தது, தொட்டிக்குள் இருப்பவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தொட்டியைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோது காற்று விடவில்லை. காற்றில்லாத தொட்டியில் மோட்டாருக்குப் பாரம் தொண்ணூற்றாறு வரை போனது. பயந்துபோய், அந்த வேகத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று டிரைவில் ஒரு பூட்டுப் போட்டார்கள். காற்று விட ஆரம்பித்ததும் அதை எடுக்க வேண்டும் என்று பேச்சு. காற்று விட்டார்கள், பாரம் இறங்கியது, மோட்டார் குளுகுளுவென்று ஓடுகிறது என்று எல்லாரும் முதுகில் தட்டிக்கொண்டார்கள். பூட்டைப் பற்றி ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை. நன்றாக ஓடுகிற மோட்டாரை யார் சந்தேகப்படுவார்கள்?

கீழே வந்து சொன்னேன். முதலில் காற்றைக் குறைக்க வேண்டும், கலக்கி மறுபடி கலவையைப் பிடிக்கும். பிறகு பூட்டை எடுத்து வேகத்தை ஆறில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்.

"வேகத்த ஆறுல ஒரு பங்கு கூட்டினா லோடு எவ்வளவு ஏறும்?" என்றார் மோட்டார்காரர்.

"ஒண்ணரை மடங்குக்கு மேல."

"நடுவுல காத்து நின்னுபோச்சுன்னா?"

"நூத்தி அம்பதத் தாண்டும். டிரைவ் மோட்டார நிறுத்திடும்."

"நீயே சொல்ற பாத்தியா. இருக்கறது ஒரே மோட்டார்ம்மா. இந்தக் கெட்டிச் சரக்குல ஒரு தடவ நின்னா மறுபடி கிளப்பறது குதிரக் கொம்பு. அதுக்குள்ள உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். நான் பூட்ட எடுக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. மேனேஜருக்குப் போன் போட்டேன். "நீங்க மூணு பேரும் அனுபவசாலிங்க, பாத்துப் பண்ணுங்க" என்று வைத்துவிட்டார். தப்பாகப் போனால் நாங்கள் மூன்று பேர், தேறினால் அவர். மனுஷன் விவரமானவர்.

ஆக்சிஜன் ஏழுக்கு வந்திருந்தது. அண்ணன் இன்னொரு படி கூட்டப் போனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அண்ணே, காத்தக் குறை."

"விடு கணக்கு. மூச்சு தெணறுது உள்ள. இப்பப் போய்க் கொறைங்கறியே, உனக்கு மூளை கீள இருக்கா?"

"நீ கூட்டக் கூட்டத்தான் தெணறுது. லோடப் பாரு. கலக்கி வெறும் காத்துல சுத்துது."

"உன் முப்பது சதவீதத்த நம்பி என் பொண்ணு உசுர வைக்கச் சொல்றியா?"

அவன் கண் சிவந்திருந்தது, தூங்கி எத்தனை நாளாயிற்றோ. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். எனக்கு அவன் மேல் இரக்கம் இருந்தது, ஆனால் ஆக்சிஜன் ஆறு என்று காட்டியது.

போன மாதம் ரேடியோவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. மாஸ்க் போட்டிருந்தார்கள். அவள் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணன் தானே எழுந்து ஆக்சிஜன் திருகைக் கூட்டிவிட்டான். நர்ஸ் வந்து பிடிபிடியென்று பிடித்துவிட்டார். மாஸ்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கொடுப்பதெல்லாம் கன்னத்தோரம் ஒழுகிக்கொண்டிருந்தது. நர்ஸ் வாரை இறுக்கி, திருகைப் பழைய இடத்துக்கே இறக்கினார். கொஞ்ச நேரத்தில் அவள் உதடு சிவந்தது. அன்றிலிருந்து அந்தப் பேச்சை யாரும் அவன் காதில் போடுவதில்லை.

நான் போட்டேன்.

"அன்னைக்கு அவளுக்கு மாஸ்க் ஒழுகினப்போ நீ என்ன பண்ணுன? கூட்டின. நர்ஸ் என்ன பண்ணாங்க? நாம குடுக்கறது முக்கியமில்ல, அவ எடுத்துக்கறதுதான் முக்கியம்னு சொன்னாங்களா இல்லையா? இதுவும் ஒழுகுதுண்ணே. எல்லாம் நடுவுல ஒழுகிப் போயிட்டிருக்கு. மேல போய்ப் பாரு."

அவன் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். குழந்தையை எடுத்துத் தகப்பன் தலையில் அடித்த மாதிரிதான் அது. வேறு வழி தெரிந்திருந்தால் அந்த வழியில் போயிருப்பேன்.

அவன் மேலே போய்ப் பார்க்கவில்லை. மோட்டார்காரரைப் பார்த்தான். "பூட்ட எடுங்க. தப்பாப் போச்சுன்னா என் பேரச் சொல்லுங்க" என்றான்.

மோட்டார்காரர் லோடு எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

பேசி வைத்துக்கொண்டோம். அண்ணன் கை காற்றில், மோட்டார்காரர் கை வேகத்தில், என் கண் பாரத்தில். காற்று நின்றால் அண்ணன் "போச்சு" என்று கத்த வேண்டும், அந்த நொடியே மோட்டார்காரர் வேகத்தை இறக்கிவிட வேண்டும். டிரைவ் நூறு வரை தாராளமாகத் தாங்கும், அதைத் தாண்டினால் சற்று நேரம் பொறுத்துவிட்டுத் தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். தலையில் பல்லி விழுந்தாலும் அவரவர் கை அவரவர் இடத்தில்தான் என்றார் மோட்டார்காரர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் காற்றை ஒரு படி குறைத்தான். பாரம் அசையவில்லை. இன்னொரு படி. ஆக்சிஜன் நாலு. இன்னொரு படி. ஆக்சிஜன் இரண்டு. பாரம் அதே முப்பத்தெட்டு. அவன் மூச்சு எனக்குக் கேட்டது.

"கணக்கு..."

"குறை."

"ஒண்ணுக்கு வந்துடுச்சு."

"குறைண்ணே. நிறுத்தாத."

ஆக்சிஜன் பூஜ்யம் என்று காட்டியது. சூத்திரம் தண்ணீருக்குப் போட்டது, இது தண்ணீர் இல்லை, ஒருவேளை இந்தப் பசைக்குள் மூழ்கிய கலக்கி எழவே எழாதோ என்று தோன்றியது. அப்படியென்றால் நான் ஒரு குழந்தையின் மருந்தை என் கையால் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் சாமியையும் கும்பிடாதவள் நான். அப்போது யாரையாவது கும்பிட வேண்டும் போல இருந்தது, யார் பெயரும் வாயில் வரவில்லை.

அண்ணன் இன்னொரு படி குறைத்தான்.

தரைக்குக் கீழே சத்தம் மாறியது. இதுவரை லொடலொடவென்று இருந்தது திடீரென்று கனத்துக்கொண்டது. மேசை மேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. பாரம் நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு. கலக்கி கலவையைப் பிடித்துவிட்டது.

"இப்ப வேகம்! மெதுவா ஏத்துங்க!" என்று கத்தினேன்.

மோட்டார்காரர் ஏற்றினார். எழுபது. எண்பத்தொன்று. தொண்ணூறு. நான் எண்ணைப் படித்துக்கொண்டே இருந்தேன். ஆக்சிஜன் பூஜ்யத்திலேயே கிடந்தது. தொண்ணூற்றேழு. நான் கணக்குப் போட்ட இடத்தில் நிற்காமல் அது போய்க்கொண்டே இருந்தது. நூற்று ஒன்று. டிரைவ் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ஏம்மா, எறக்கிடறேன்!" மோட்டார்காரரின் குரல் கீச்சென்று வந்தது.

"வேண்டாம், இருங்க!"

நூற்று மூன்று. வேகத்தை இறக்கினால் பாரம் குறையும், கலக்குவதும் குறையும், பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பாரத்தை இறக்க இன்னொரு வழி இருந்தது. இவ்வளவு நேரம் எதைக் குறை குறை என்று உயிரை வாங்கினேனோ, அது.

"அண்ணே, காத்துக் குடு!"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஒரே ஒரு படி. அதுக்கு மேல வேண்டாம். குடுண்ணே!"

அவன் விரல் பொத்தான் மேலேயே இருந்தது, அமுக்கவில்லை. இவ்வளவு நேரம் அவன் கையைக் கட்டிப்போட்டவள் நான், இப்போது அவிழ்த்துவிட்டால் கை எப்படி நம்பும்? எழுந்து போய் அவன் விரல் மேல் என் விரலை வைத்து அமுக்கினேன். ஒரு படி. தகட்டின் முதுகில் கொஞ்சம் காற்று போய் ஒட்டியிருக்கும். நூற்று இரண்டு. நூறு. தொண்ணூற்றெட்டு. அங்கே நின்றது. மஞ்சள் விளக்கு அணைந்தது.

ஆக்சிஜன் இன்னும் பூஜ்யம். மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று என்றது. மறுபடி பூஜ்யம். மறுபடி ஒன்று. மூன்று. ஆறு வந்தபோது மோட்டார்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினெட்டைத் தொட்டபோதும் அண்ணன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

லேபில் சோதனை பார்க்கும் பெண் வந்து தொட்டியிலிருந்து சாம்பிள் எடுத்துக்கொண்டு போனாள். மதியத்துக்கு மேல் திரும்பி வந்து கதவோரம் நின்று சொன்னாள். "உயிரோட இருக்கு. ஆனா ரொம்ப நேரம் தெணறியிருக்கு இல்லையா, அப்ப மருந்து செய்யறத நிறுத்தியிருக்கும். எதிர்பார்த்ததுல முக்கால்வாசி தேறலாம். பாதியாவும் இருக்கலாம். அறுவடை பண்ணாத்தான் தெரியும்." அவளுக்கு ரேடியோவைத் தெரியும், அதனால் அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் போன பிறகு அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"பாதின்னா எத்தன கொழந்தைக்கு வரும்?"

"கேட்டிருக்கறதுல பாதிப் பேருக்கு."

"யாருக்குக் குடுக்கறதுன்னு யார் முடிவு பண்ணுவா?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

அவன் திரையை விட்டு என் பக்கம் திரும்பினான்.

"ரேடியோவுக்குக் கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றேன்.

"எவ்வளவு பிழை?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் இதைக் கேலியாகக் கேட்கவில்லை. முப்பது சதவீதம் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. இதற்கு யாரும் எந்தத் தொட்டியிலும் சூத்திரம் போட்டு வைக்கவில்லை.

"பிழை இல்லண்ணே" என்றேன்.

அவன் தலையாட்டினான். நான் பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். பொய் சொல்லும்போது என் காது சிவக்கும் என்று வீட்டில் எல்லாரிடமும் கண்டுபிடித்துச் சொன்னவனே அவன்தான்.

அப்போது நுரை அடக்கும் மருந்து ஒரு சொட்டு தானாகத் தொட்டிக்குள் போனது. அது போனால் ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கி ஏறும், அது வழக்கம். இருபத்தாறு, இருபத்து நாலு, இருபத்தொன்று என்று இறங்கியது. அண்ணனின் வலது கை தன்பாட்டுக்கு எழுந்து காற்றுப் பொத்தானை நோக்கிப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் பாதி வழியில் நின்றது. அவன் அந்தக் கையை இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.